பழைய கதிரை என்ன மரம்? அறிகுறியிலிருந்து மரத்தைப் பிடிக்கும் வழி

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை விறாந்தைகளில் 1950களிலும் 60களிலும் செய்த கதிரைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. சரிந்த கால், மெலிந்த கை, பிரம்புப் பின்னல் அல்லது ரப்பர் பட்டி போட்ட இருக்கை. சில டென்மார்க்கிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கப்பலில் வந்தவை. மற்றவை அந்த அமைப்பைப் பார்த்து மொறட்டுவையிலும் கொழும்புப் பட்டறைகளிலும் செய்தவை. 1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், டெனிஷ் கதிரை போலத் தெரிகிற ஒன்று உள்ளூர்ப் பலாவாக இருப்பதில் வியப்பில்லை. விற்பவர் எல்லாவற்றையும் ‘பழைய தேக்கு’ என்றே சொல்வார்.

காலை மாற்றும்போதும், பழைய பொலிஷை எடுக்கும்போதும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பும்போதும் இந்தக் கேள்விக்குச் சரியான விடை வேண்டும். பெரும்பாலான பிழைகள் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது. அறுபது வருட வெயில், பொலிஷ், கைப்பிசுக்கு எல்லாம் சேர்ந்தால் பலா, மகோகனி, தேக்கு, சாயம் பூசிய பீச் (வெளிறிய ஐரோப்பிய மரம்) நான்கும் ஒரே பழுப்பாகிவிடும். முதலில் பார்க்க வேண்டியது வெட்டுமுகம், அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியும் முகம். நிறம் கடைசிச் சாட்சி.

## எந்த அறிகுறிக்கும் முன்: சுத்தமான வெட்டுமுகம்

10 மடங்கு பெருக்கிக் காட்டும் நகைக்கடை வில்லை ஒன்று வேண்டும். செட்டியார் தெருவில் பொற்கொல்லர் சாமான் விற்கும் கடைகளில் வாங்கலாம். அதோடு புதிய பிளேட் இரண்டு மூன்று, டோர்ச், காதுப் பஞ்சுக்குச்சி, ஸ்பிரிட், தின்னர், 240, 400, 800 இலக்க சாண்ட் பேப்பர்.

வெட்ட நல்ல இடம் பின்காலின் அடி. கொழும்பில் தரை கழுவும் தண்ணீர் காலடியில் ஊறி ஊறி முதல் 5 முதல் 10 மில்லிமீற்றர் வரை கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு மரத்தின் நிறமல்ல. காலடி கெட்டிருந்தால் கையின் பின்நுனி, முதுகுச் சட்டத்தின் மேல்நுனி, கழன்ற மூட்டுக்குள் செருகியிருக்கும் கழுந்தின் (மர நாக்கின்) நுனி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

1. வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். மரம் இளகும்.
2. புதிய பிளேட்டைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் மெல்லிய சீவல் ஒன்றை எடுங்கள். சுண்டுவிரல் நகத்தின் பாதியளவு போதும். முன்னும் பின்னும் அறுத்தால் துளைகள் நசுங்கிவிடும்.
3. விரலால் துடைத்து, வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள். மரத்தை வில்லைக்கு இரண்டரை சென்ரிமீற்றர் வரை கொண்டு வாருங்கள். டோர்ச் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.
4. பிளேட் வழுக்கினால் 240, 400, 800 என்று வரிசையாகத் தேய்த்து, தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிளேட் வெட்டு அளவுக்குத் தெளிவு வராது. ஆனாலும் ஓக்கையும் பீச்சையும் பிரிக்க அது போதும்.

இருக்கையின் அடியில் மூலையில் அடித்திருக்கும் மூலைக்கட்டையையும், மூட்டுக்குள் இருக்கும் மர ஆணியையும் வைத்து மரத்தைச் சொல்லாதீர்கள். ‘உள்ளே வெள்ளை, ஆகவே கதிரை போலி’ என்ற முடிவு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. நல்ல தேக்குக் கதிரையிலும் மூலைக்கட்டை மலிவான மரமாக இருக்கும். மெத்தைக்குள் மறையும் சட்டமும் அப்படித்தான்.

பெயின்ட் அடித்த பழைய கதிரையாக இருந்தால் உலர்ந்தபடி சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈரத்துணி வைத்து நனைத்துச் சுரண்டி, கழிவைத் தாளில் மடித்து எறியுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் இந்த வேலை கூடாது.

## அறிகுறி: வெளியே தேக்கு நிறம், சுரண்டினால் உள்ளே வெளிறிய மரம்

அடிக்கடி வரும் முறைப்பாடு இதுதான். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

நீங்கள் சுரண்டியது வெள்ளைப் பகுதியா? பெரும்பாலான மரங்களில் உள்ளே கடினமான வைரம், வெளியே வெள்ளை. தேக்கில் இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு கூர்மையாகத் தெரியும். வைரம் பொன்பழுப்பு, வெள்ளை மஞ்சள் கலந்த வெளிறல். சிக்கனமான பட்டறைகள் ஒரு விளிம்பில் வெள்ளை வருமாறு அறுத்து, சாயம் பூசி மறைத்தார்கள். ஆகவே வெவ்வேறு மூன்று உறுப்புகளில் சுரண்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வெளிறலாகவும் மற்ற இரண்டில் பொன்பழுப்பாகவும் வந்தால் மரத்தில் குறையில்லை.

வினியரா, அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடா? தட்டையான முதுகுப்பலகை, வளைந்த இருக்கை ஆகியவற்றில்தான் இதைப் பார்க்க வேண்டும். பலகையின் முகத்தில் ஓடும் ரேகை விளிம்பைத் தாண்டி வெட்டுமுகத்தில் தொடர்கிறதா? விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. அக்காலத்து வினியர் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பு. சாண்ட் பேப்பரை ஒரே இடத்தில் நாலு தரம் அழுத்தித் தேய்த்தாலே ஊடுருவிவிடும். வினியர் என்று தெரிந்தவுடன் தேய்ப்பதை நிறுத்துங்கள். ஆனால் வினியர் என்பதால் கதிரை மட்டமானது என்று நினைக்க வேண்டாம். வளைத்து ஒட்டிய பலகைதான் அந்தக் காலத்துச் சிறந்த கதிரைகள் பலவற்றின் அடிப்படை.

சாயம் பூசிய பீச்சா? ஐரோப்பியக் கதிரைகளில் இது மிகச் சாதாரணம். பீச்சின் அடையாளம் தப்பவே தப்பாது. நீளவாட்டு முகத்தில் ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் நீளமான, பழுப்புநிறக் கீறல்கள், சிந்திய சீரகம் போல எல்லாம் ஒரே திசையில் கிடக்கும். வெட்டுமுகத்தில் துளைகள் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நடுவிலிருந்து வெளியே ஓடும் ஆரக்கோடுகள் தெளிவாகத் தெரியும். சுரண்டிய மரம் இளஞ்சிவப்புச் சாயலோடு வெளிறலாக இருக்கும். சாயத்தை உறுதிப்படுத்த, பஞ்சுக்குச்சியைத் தின்னரில் தோய்த்து மறைவிடத்தில் அரை நிமிடம் தேய்த்துப் பாருங்கள். பொலிஷ் கரைந்து பழுப்புச் சாயமும் பஞ்சில் ஏறும்.

ரப்பர் மரமா? இதுவும் வெளிறல்தான். ஆனால் நீளவாட்டு முகத்தில் ஊசியால் கீறியது போல நீண்ட துளைக்கோடுகள் இருக்கும். பீச்சில் அவை கிடையாது. வெட்டுமுகத்தில் துளைகள் கண்ணுக்குத் தெரியும். அவற்றுக்கு இடையே மெல்லிய, நெளிந்த வெளிர்க்கோடுகள் ஆரக்கோடுகளோடு பின்னி வலை போல இருக்கும். பலகை நீளவாட்டில் விரல்கோத்தது போல ஒட்டப்பட்டிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ரப்பர் மரத் தளபாடம் பெருமளவில் சந்தைக்கு வந்தது 1980களிலிருந்துதான். ஆகவே ‘1955ஆம் ஆண்டுக் கதிரை’ என்று விற்கப்படுவதில் மூல உறுப்புகளே ரப்பர் மரமாக இருந்தால், வயதைப் பற்றிய பேச்சை நம்பாதீர்கள்.

பீச்சா ரப்பரா என்பது தெரிந்தால் போதும். இதற்கு மேல் நிபுணர் தேவையில்லை. இரண்டிலும் பழைய சாயத்தை முழுக்க உரித்து ‘இயற்கை மரம்’ காட்டப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். சாயம் திட்டுத்திட்டாக மரத்துக்குள் இறங்கியிருக்கும். அதே நிறச் சாயத்தைத் தொட்டுத் திருத்துவதே சரி.

## அறிகுறி: செம்பழுப்பு நிறம், ‘மகோகனி’ என்று சொல்லி விற்றது

கொழும்பில் செய்த கதிரைகளில் குழப்பம் கூடுதலாக இருப்பது இங்கேதான். பலா அறுத்த நாளில் எலுமிச்சை மஞ்சள். பத்து வருடத்தில் தேன்நிறம். அரை நூற்றாண்டில் மகோகனியோடு பக்கத்தில் வைத்தாலும் பிரிக்க முடியாத செம்பழுப்பு.

முதல் சோதனை, காசில்லாதது: தூள். இருக்கையின் அடியில், உண்மையான சட்டத்தில் பிளேட்டால் அரை மில்லிமீற்றர் ஆழம் சுரண்டி, தூளை வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். மஞ்சள் தூள் என்றால் பலா. செம்பழுப்புத் தூள் என்றால் மகோகனிப் பக்கம். மேல்படிந்த பொலிஷ் தூளோடு கலந்தால் விடை கெடும். ஆகவே முதல் சுரண்டலை எறிந்துவிட்டு இரண்டாவதைப் பாருங்கள்.

இரண்டாவது: சீனக்காரம். ஒரு தேக்கரண்டித் தூளைக் கால் கோப்பை கொதிநீரில் போட்டு, சீனக்காரம் ஒரு சிட்டிகை சேர்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். பலாவாக இருந்தால் தண்ணீர் நல்ல மஞ்சளாகும். பிக்குமாரின் காவியுடைக்குச் சாயமேற்றப் பலா வைரம் பயன்பட்டதும் இந்த மஞ்சளால்தான். ஒரு தேக்கரண்டி தூள் என்பது கொஞ்சம் அதிகமே. பழுதாகி மாற்றப் போகும் உறுப்பு இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் முதல் சோதனையோடு நில்லுங்கள்.

மூன்றாவது: வெட்டுமுகம். பலாவில் பெரிய துளைகள் ஒழுங்கில்லாமல் பரந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம், கண் வரைந்தது போல. மகோகனியில் துளைகள் நடுத்தரம், சமமாகப் பரந்தவை. அவற்றைக் கடந்து வளர்ச்சி வளையத்தின் ஓரத்தில் பென்சிலால் கீறியது போல மெல்லிய வெளிர்க்கோடு ஓடும். அந்தக் கோடும், துளைக்குள் கருஞ்சிவப்புப் பிசின் பொட்டுகளும் சேர்ந்து இருந்தால் மகோகனி என்று தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டும் பொருந்தாவிட்டால்? கதிரை கையில் எதிர்பார்த்ததை விட இலேசு, வெட்டுமுகத்தில் பெரிய துளைகள் வளையமாக அடுக்கியிருக்கின்றன, சீவலில் சிகார் பெட்டி மணம் இருக்கிறது என்றால் தூனா மரத்தைச் சந்தேகியுங்கள். மலையகத் தோட்டங்களில் நட்ட மரம், மகோகனி என்ற பெயரில் பலமுறை கைமாறியிருக்கிறது. மாறாக, கனம் கூடி, செம்மஞ்சள் கலந்த பழுப்பும், வெளிச்சத்தில் புரளும் ரேகையும் இருந்தால் நெதுன். ஈரவலய வனத்தின் இந்த மரம் பழைய இலங்கைத் தளபாடத்தில் உயர்வாக மதிக்கப்பட்டது.

பொன்மஞ்சள், பட்டுப் போன்ற பளபளப்பு, தூக்கினால் இரும்புக் கனம் என்றால் அது முதிரை. சிங்களத்தில் புருத. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். நீளக்கை சட்டை, முகக்கவசம் போட்டுக்கொண்டு சுரண்டுங்கள்.

எங்கே நிறுத்துவது? நெதுன் என்று பட்டால் காலை நீங்களே மாற்றாதீர்கள். புதிய நெதுன் மரக்காலையில் எளிதில் கிடைக்காது. பழைய வீடு உடைத்த மரம் விற்பவரிடம் பொருத்தமான துண்டு தேடித்தான் வேலை செய்ய வேண்டும். மொறட்டுவையில் பழைய தளபாடம் திருத்தும் பாஸ் ஒருவரிடம் கதிரையையே கொண்டு போங்கள். படத்தை மட்டும் அனுப்பினால் அவரும் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார். கேட்கும்போது சிங்களப் பெயரையும் சொல்லுங்கள்: பலாவுக்குக் கொஸ், தேக்குக்குத் தேக்க, கருங்காலிக்குக் களுவர. பலா மரம் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மாற்றுத் துண்டு வாங்கும்போது மரக்காலையில் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி: தேக்கு என்றார்கள், ஆனால் ஆணியைச் சுற்றிக் கறுத்திருக்கிறது

கடற்கரைக் காற்று படும் வீடுகளில் திருகாணி கறள் பிடிப்பது இயல்பு. கறள் செம்பழுப்பாக இருந்தால் அது வெறும் கறள். மரமே நீலக்கறுப்பாகி, மை சிந்தியது போல ரேகை வழியே ஓடியிருந்தால், மரத்தில் துவர்ப்புச் சத்து அதிகம் என்று பொருள். இரும்பும் ஈரமும் துவர்ப்பும் சேர்ந்தால் மை. தேக்கு இதில் இவ்வளவு மோசமாகக் கறுப்பதில்லை. ஓக்கும் அஃப்ரோமோசியாவும் கறுக்கும்.

அஃப்ரோமோசியா மேற்கு ஆபிரிக்க மரம். 1960களின் பிரித்தானியத் தளபாடங்களில் தேக்குக்குப் பதிலாக நிறையப் பயன்பட்டது. நெதுனும் அதுவும் ஒரே பேரினம். ஆகவே நெதுனைக் கையாண்ட பாஸ் அஃப்ரோமோசியாவைத் தொட்டவுடன் ‘நெதுன் மாதிரி இருக்கிறதே’ என்று சொன்னால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். அந்தக் கை சொல்வது சரி.

பிரிக்கும் வழி: தேக்கைப் புதிதாகச் சீவினால் தோல் செருப்பு போன்ற மணம், விரலில் மெழுகுப் பசை. வெட்டுமுகத்தில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டியிருக்கும். சில துளைகளில் வெள்ளை அல்லது மஞ்சள் படிவு. அஃப்ரோமோசியாவில் இந்த வரிசை கிடையாது. துளைகள் சிறியன, எங்கும் சமமாகப் பரந்தவை. தொட்டால் உலர்ந்த வழுவழுப்பு. ஓக்கில் வளைய வரிசையும் உண்டு, அதோடு வெறுங்கண்ணுக்கே தெரியும் அகலமான ஆரக்கோடுகளும் உண்டு. நீளவாட்டு முகத்தில் அதே கோடுகள் பளபளக்கும் திட்டுகளாகத் தெரியும். வளைய வரிசை இருந்தும் அகலமான ஆரக்கோடு இல்லாவிட்டால் ஆஷ். துளைகள் அலையலையாக நெளிந்த கோடுகளாக அடுக்கியிருந்தால் எல்ம். பீச் கால்களுக்கு மேலே எல்ம் இருக்கைப்பலகை கொண்ட ஆங்கிலேயக் கதிரைகள் இங்கும் வந்திருக்கின்றன.

சந்தேகம் தீராவிட்டால் வினாகிரிச் சோதனை ஒன்று இருக்கிறது. மெல்லிய உருக்குக் கம்பிப் பஞ்சு ஒரு கைப்பிடியை 250 மில்லிலீற்றர் வெள்ளை வினாகிரியில் இரண்டு நாள் ஊற விடுங்கள். போத்தலை இறுக்கி மூட வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும். துணியில் வடித்து, சுரண்டிச் சுத்தமாக்கிய இடத்தில் ஒரே ஒரு துளி வையுங்கள். ஓக், அஃப்ரோமோசியா சில நிமிடத்தில் கறுக்கும். பீச் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்தக் கறை போகவே போகாது. இருக்கைக்கு அடியில் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள். தேக்கு என்று மணத்திலும் வெட்டுமுகத்திலும் தெரிந்த பிறகு இந்தச் சோதனையே வேண்டாம்.

மரம் இவற்றில் எதுவாக இருந்தாலும், கறுத்த இடத்தில் இரும்புத் திருகாணியை மறுபடி போடாதீர்கள். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போடுங்கள்.

## அறிகுறி: ஒரே கதிரையில் இரண்டு நிறம்

வெயில் பட்ட பக்கமும் சுவர்ப்பக்கமும் வேறாகத் தெரிந்தால் அது வெறும் வெயில். தேக்கு வெளிச்சத்தில் சற்று வெளிறும், மகோகனி கறுக்கும், வால்நட் மங்கும். மெத்தைக்கு அடியிலிருந்த பகுதியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஒரு கால் மட்டும் வேறாக இருந்தால், யாரோ முன்பே மாற்றியிருக்கிறார்கள். அந்தக் காலின் மூட்டில் பசையைப் பாருங்கள். மற்ற மூட்டுகளில் தேன்நிறத்தில் நொறுங்கும் வச்சிரம் (பழைய விலங்குப் பசை), இந்த மூட்டில் பால்வெள்ளைப் பசை என்றால் விடை அதுதான். கைகள் இரண்டும் ஒரு மரம், சட்டம் முழுக்க இன்னொரு மரம் என்றால் பெரும்பாலும் செய்தபோதே அப்படி. கை தேக்கு, சட்டம் பீச் என்ற சேர்க்கை டெனிஷ் வேலையில் உண்டு. இதைத் திருத்த ஒன்றுமில்லை. ஒரே நிறமாக்கப் போய் இரண்டையும் கறுப்பாக்குவது பெரும்பிழை.

## அறிகுறி: கருமை அல்லது ஊதாப் பழுப்பு, கரும்வரிகள்

முதலில் சாயமா என்று பாருங்கள். கருமையாக்கிய பீச் கதிரை, கருங்காலி என்று விற்கப்படும். ஒரு சுரண்டல் போதும்; உள்ளே வெளிறல் என்றால் சாயம். கழன்ற சிறு துண்டு கிடைத்தால் தண்ணீரில் போடுங்கள். கருங்காலி மூழ்கும். ஈட்டி (இந்திய ரோஸ்வூட்), வால்நட், தேக்கு மிதக்கும்.

வால்நட்டா ஈட்டியா என்ற சந்தேகத்துக்கு ஸ்பிரிட் உதவும். பொலிஷை எடுத்த இடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். இந்திய ஈட்டி பஞ்சில் ஊதாச் சாயம் விடும். வால்நட் அப்படி விடாது. சீவும்போது ஈட்டியில் இனிய மணம் வரும். கனமும் கூடுதல்.

இந்திய ஈட்டியா பிரேசில் ரோஸ்வூட்டா என்பதை வில்லையால் தீர்க்க முடியாது. யார் சொன்னாலும் அதை வைத்து விலை பேச வேண்டாம். இங்கேதான் நிபுணர் உண்மையில் தேவை. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறை இருக்கிறது. பத்தரமுல்லையில் வனப் பாதுகாப்புத் திணைக்களமும் அரச மரக் கூட்டுத்தாபனமும் இருக்கின்றன. மாதிரி எடுத்துக்கொள்வார்களா, எவ்வளவு பெரியது வேண்டும் என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமல் கதிரையிலிருந்து துண்டு வெட்டாதீர்கள்.

ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ அனுப்பப் போகிறீர்கள் என்றால் இந்த வேறுபாடு இன்னும் பாரமானது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் பிரேசில் ரோஸ்வூட் 1992 முதல் முதலாம் பட்டியலில் இருக்கிறது. இந்திய ஈட்டி உட்பட அந்தப் பேரினத்தின் மற்ற எல்லா மரங்களும் 2017 ஜனவரி முதல் இரண்டாம் பட்டியலில். இரண்டாம் பட்டியல் மரத்தில் செய்து முடித்த பொருட்களுக்கு, ஒரு பொதியில் அந்த மரம் 10 கிலோவுக்கு மேற்படாவிட்டால் விலக்கு உண்டு. முதலாம் பட்டியலுக்கு அந்த விலக்கு இல்லை. இலங்கையில் சைட்டிஸ் அனுமதியைக் கவனிப்பது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். பெட்டி அடிப்பதற்கு முன் அங்கே கேளுங்கள். துறைமுகத்தில் நின்றுபோன கதிரையை மீட்பது அதை விடப் பெரிய வேலை.

## அறிகுறி: கதிரைக்கு அடியில் தூள் கொட்டுகிறது

பூச்சியும் மரத்தைக் காட்டிக்கொடுக்கும். தூளை விரலில் எடுத்துப் பாருங்கள்.

கோதுமை மா போல வழுவழுப்பான தூள், ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் துளைகள் என்றால் மாத்தூள் வண்டு. இது மாச்சத்து நிறைந்த, துளை பெரிதான மரத்தின் வெள்ளைப் பகுதியைத் தின்னும்: ரப்பர் மரம், ஆஷ், ஓக்கின் வெள்ளைப் பகுதி. பிரம்பையும் இதே மாதிரித் தின்னும் வண்டுகள் உண்டு. பீச்சின் துளைகள் மிகச் சிறியவை என்பதால் இந்த வண்டு அங்கே முட்டையிட இடம் காண்பதில்லை. ஆகவே மாத்தூள் கொட்டும் வெளிறிய கதிரை பீச்சாக இருப்பது அரிது.

கசகசா போல உருண்டு, கடினமாக, வில்லையில் ஆறு பட்டையாகத் தெரிந்தால் அது உலர்மரக் கறையானின் எச்சம். மண்புற்று இல்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் வகை. பீச்சையும் தின்னும். நல்ல தேக்கு வைரத்தையும் பலா வைரத்தையும் பெரும்பாலும் விட்டுவிடும். ‘முழுத் தேக்கு’ என்று வாங்கிய கதிரையின் பிரதான காலிலேயே கசகசாத் தூள் கொட்டினால், அது வெள்ளைப் பகுதியாக இருக்க வேண்டும், அல்லது தேக்கே அல்ல.

இரண்டு துளையும் ஒரு சிட்டிகைத் தூளும் என்றால் கதிரையை மற்றத் தளபாடத்திலிருந்து பிரித்து வைத்து, போரிக் அமில வகை மருந்தைப் பொலிஷ் இல்லாத முகங்களில் பூசலாம். உளியின் பின்பக்கத்தால் தட்டும்போது கால் வெற்றொலி கொடுத்தால், அதில் இனி யாரும் உட்காரக் கூடாது. பூச்சி ஒழிப்பவரை முதலில் அழையுங்கள், பாஸை அதற்குப் பிறகு. ஒழிக்காமல் புதிய காலைப் பொருத்தினால் பூச்சி அதற்கும் குடி மாறும்.

## அறிகுறி: வில்லையில் ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் பழுப்புக் கலங்கல்

பிளேட் மழுங்கிவிட்டது. மாற்றுங்கள். பத்தில் ஏழெட்டு முறை இதுதான்.

புதிய பிளேட்டிலும் கலங்கல் என்றால் துளைகளைப் புட்டியோ பழைய பொலிஷோ அடைத்திருக்கிறது. என்ன பொலிஷ் என்று பார்க்க ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் கொம்பரக்குப் பொலிஷ், அதாவது பிரெஞ்சு பொலிஷ். ஸ்பிரிட்டில் அசையாமல் தின்னரில் இளகினால் லக்கர். இரண்டிலும் அசையாவிட்டால் பின்னாளில் யாரோ அடித்த பொலியூரித்தேன். கரைவதைக் கரைத்து, கரையாததை இன்னும் ஒரு மில்லிமீற்றர் ஆழம் சீவி, புதிய முகத்தைப் பாருங்கள்.

இன்னும் கலங்கலாக இருந்தால், நீங்கள் வெட்டியது வெட்டுமுகமே அல்ல. சரிந்த காலின் அடி சாய்வாக அறுக்கப்பட்டிருக்கும், துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டு தெரியும். காலின் நீளத்துக்குச் சரியாகக் குறுக்கே பிளேட்டைத் திருப்பி இன்னொரு சீவல் எடுங்கள்.

பார்த்து முடிந்ததும் அந்தக் காலடியைத் திறந்தபடி விடாதீர்கள். கொழும்பு ஈரப்பதத்தில் அது தண்ணீரை உறிஞ்சும். பிரெஞ்சு பொலிஷ் கதிரை என்றால் கொம்பரக்கு இரண்டு பூச்சு. எண்ணெய் பூசிய தேக்கு என்றால் அதே எண்ணெய், பதினைந்து நிமிடம் ஊறவிட்டு மீதியைத் துடையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்து முழுக்க உலர விட்ட பிறகுதான் குப்பையில் போட வேண்டும்.